அம்புக்குறி நீங்கிய வண்டி

டிராம்பேயில் சீட்டா கேம்ப்பின் கடைசிச் சந்துகள் முடிந்து, கழிமுகச் சேறும் அலையாத்திச் செடிகளும் தொடங்கும் பக்கத்தில் தகரக் கூரை போட்ட ஒரு பட்டறை இருக்கிறது. பெயர்ப்பலகை கிடையாது. மிலிட்டரிக்காரர் பட்டறை என்று கேட்டால் ஆட்டோக்காரர்கள் கொண்டுபோய் விடுவார்கள். அதை நடத்துபவர் இந்திய இராணுவத்தின் இ.எம்.இ. பிரிவில் இருபத்திரண்டு ஆண்டுகள் வாகன மெக்கானிக்காகப் பணியாற்றி, ஹவில்தாராக ஓய்வு பெற்றவர். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பம்பாய்க்குப் பிழைக்க வந்த குடும்பம். வயது அறுபத்தைந்தைத் தாண்டிவிட்டது. அப்பகுதித் தமிழர்களுக்கு அவர் அண்ணாச்சி.

சென்ற மே மாதம் செம்பூரிலிருந்து ஓர் இளைஞர் பழைய ஜிப்சி ஒன்றை இழுவை வண்டியில் ஏற்றிக்கொண்டு அவரிடம் வந்தார். இராணுவம் ஏலத்தில் கழித்துவிட்டு, இரண்டு கை மாறிய வண்டி. பம்பரில் எண் எழுதியிருந்த இடம் சுரண்டப்பட்டிருந்தாலும், வெயில் சாய்வாக விழுந்தபோது மேல்நோக்கிய அம்புக்குறியின் தடம் மங்கலாகத் தெரிந்தது. இராணுவ வாகனங்களின் எண் அந்த அம்பில்தான் தொடங்கும். அதையடுத்து ஆண்டைக் குறிக்கும் இரண்டு இலக்கம் வரும்.

இளைஞரிடம் ஒரு பட்டியல் இருந்தது. வண்டி இராணுவத்தில் இருந்தபடியே வேண்டும்: மினுமினுப்பில்லாத ஆலிவ் பச்சை, துணிக்கூரை, பின்னால் பக்கவாட்டு பெஞ்சுகள், ஜெர்ரிகேன் தாங்கி, இருட்டடிப்பு விளக்கு, கட்டம் கட்டமாகப் பற்கள் வைத்த என்.டி.டி. டயர். ஆகஸ்டில் மனைவியையும் நான்கு வயது மகளையும் ஏற்றிக்கொண்டு லடாக் போவது திட்டம்.

"சாதாரண ஜிப்சி மாதிரி இல்ல அண்ணாச்சி, ஆர்மி வண்டி. எதையும் தாங்கும்."

அண்ணாச்சி பானெட்டைத் திறந்து பார்த்துக்கொண்டே கேட்டார்: "எதைத் தாங்கும் தம்பி?"

இளைஞரிடம் அதற்கு விடை இல்லை. நம்மில் பலரிடமும் இராது. இராணுவ வண்டி என்றால் வீட்டு வண்டியின் வலுவான வடிவம் என்று எண்ணுவது நமக்கு அவ்வளவு இயல்பாகிவிட்டது. இந்த எண்ணம் எங்கே பிசகுகிறது என்பதைப் பார்க்க, ஜீப் என்னும் வண்டி பிறந்த இடத்துக்கே போகலாம்.

1940 ஜூலையில் அமெரிக்க இராணுவம் 135 நிறுவனங்களுக்கு அழைப்பு அனுப்பியது. 49 நாளில் மாதிரி வண்டி ஒன்று வேண்டும். எடை 1,300 பவுண்டுக்குள், அதாவது ஏறத்தாழ 590 கிலோவுக்குள் இருக்க வேண்டும். அழைப்புக்குச் செவிசாய்த்தவை பான்ட்டம், வில்லிஸ் என்ற இரண்டே நிறுவனங்கள். அந்த எடை வரம்பை எவராலும் எட்ட முடியவில்லை. இறுதியில் பெருமளவில் உற்பத்தியான வில்லிஸ் எம்.பி. ஒரு டன்னைத் தாண்டியது. ஆனால், அந்த முதல் நிபந்தனைகளில் ஒரு மனப்பாங்கு தெரிகிறது. வண்டி விரைவாகக் கிடைக்க வேண்டும், இலேசாக இருக்க வேண்டும், நிறைய இருக்க வேண்டும். ஒரு வண்டி எத்தனை ஆண்டு உழைக்கும் என்பது அந்த நேரத்தின் முதற்கவலை அன்று. போர் முடிவதற்குள் வில்லிஸும் ஃபோர்டும் சேர்ந்து 6 லட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்புகளைச் செய்து தள்ளின.

1945இல் வில்லிஸ் நிறுவனம் அதே வண்டியைக் குடிமக்களுக்கு விற்கத் தொடங்கியது. அதன் பெயர் சி.ஜே.-2ஏ, முதல் இரண்டெழுத்தும் 'குடிமக்கள் ஜீப்' என்பதன் சுருக்கம். என்ஜின் அதே 2.2 லிட்டர் நான்கு சிலிண்டர். மாறியவை வேறு. போர் ஜீப்பின் பெட்ரோல் தொட்டி ஓட்டுநர் இருக்கைக்கு அடியில் இருந்தது. எண்ணெய் ஊற்ற அவர் எழுந்து இருக்கையைத் தூக்க வேண்டும். குடிமக்கள் ஜீப்பில் மூடி உடலின் வெளிப்புறத்துக்கு வந்தது. போர் ஜீப்பின் பின்புறம் திறக்காது. மாற்றுச் சக்கரம் அங்கே தொங்கும். விவசாயிக்கு மூட்டை ஏற்ற வேண்டுமே, அதனால் சக்கரம் பக்கவாட்டுக்குப் போய், பின்புறத்தில் கதவு வந்தது. போர் ஜீப்பின் முகப்பு விளக்குகள் சிறியவை, உள்ளொடுங்கியவை. கீலில் திருப்பி என்ஜின் பக்கம் ஒளிகாட்டவும் முடியும். நள்ளிரவில் நடுவழியில் பழுது பார்ப்பவனுக்கான ஏற்பாடு அது. குடிமக்கள் ஜீப்பில் பெரிய விளக்குகள் வெளியே வந்து நின்றன. அதற்கு இடம்விட்டு முகப்பின் ஒன்பது பிளவுகள் ஏழாயின. இன்று உலகம் முழுக்க ஜீப்பின் அடையாளமாக அறியப்படும் ஏழு பிளவு, போர்முனையில் பிறந்தது அன்று. பண்ணை வேலைக்காகப் பிறந்தது.

உள்ளேயும் ஒரு மாற்றம் நிகழ்ந்தது. போர் ஜீப்பில் சக்கரம் ஒருமுறை சுழலப் பின்தண்டு 4.88 முறை சுழலும், சி.ஜே.-2ஏயில் 5.38 முறை. குடிமக்கள் வண்டி வேகத்தைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்து இழுவையை வாங்கிக்கொண்டது. ஏர் இழுக்க, அறுவை எந்திரம் சுழற்ற அதுவே தேவை. கியர்பெட்டியும் மேலும் உறுதியானதாக மாற்றப்பட்டது. அதாவது, நாள்தோறும் பாரம் இழுக்கும் வேலையில் குடிமக்கள் ஜீப்தான் வலுவானது! பிறகு 1949 வாக்கில் இராணுவமே குடிமக்கள் சி.ஜே.-3ஏயை எடுத்து, 24 வோல்ட் மின்னமைப்பும் நீர்புகாத பற்றவைப்பும் சேர்த்து எம்.38 என்று பெயரிட்டுக்கொண்டது. அதற்கடுத்து வந்த இராணுவ எம்.38ஏ1இலிருந்து குடிமக்களின் சி.ஜே.-5 பிறந்தது. கடன் இரு பக்கமும் ஓடியிருக்கிறது.

நம் நாட்டுக் கதைக்கு டிராம்பேயிலிருந்து தொலைவு போக வேண்டியதில்லை. துறைமுகத்தை ஒட்டிய மசகானில்தான் 1940களின் இறுதியில் மகிந்திரா நிறுவனம் வில்லிஸ் ஜீப்புகளைப் பாகங்களாக இறக்குமதி செய்து பூட்டத் தொடங்கியது. அந்தக் குலத்து ஜீப்பில் பட்டாளமும் போயிற்று, வட்டாட்சியரும் போனார், திருமண ஊர்வலமும் போயிற்று. ஜபல்பூர் வாகனத் தொழிற்சாலை செய்த ஜோங்கா வேறு வகை. நிசான் பேட்ரோலின் உரிமத்தில் பிறந்த, ஆறு சிலிண்டர், நான்கு லிட்டர் பெட்ரோல் என்ஜின் கொண்ட வண்டி அது. எரிபொருட் செலவை எண்ணிப் பார்க்க வேண்டாத ஒருவரால்தான் அதை வைத்துக்கொள்ள முடியும். 1990களின் நடுவில் டீசல் என்ஜின் பொருத்திப் பொதுமக்களுக்கும் அதை விற்கப் பார்த்தார்கள். சில ஆண்டுகளில் அம்முயற்சி நின்றுபோனது. அண்ணாச்சி தொழில் பழகியது ஜோங்காவில்தான். அதைப் பற்றிக் கேட்டால் இன்றும் முகம் மலரும். "ஆனை மாதிரி. தீனி போடுறவன் அரசாங்கமா இருக்கணும்" என்பார்.

1985 டிசம்பரில் விற்பனைக்கு வந்த மாருதி ஜிப்சியை 1990களில் இராணுவம் ஏற்றது. பின்னர் 30,000க்கும் மேற்பட்ட வண்டிகள் படைக்குப் போயின. இலேசான உடல், முன்னும் பின்னும் லீஃப் ஸ்பிரிங் பட்டை, உறைகுளிரிலும் எழுந்துவிடும் பெட்ரோல் என்ஜின் ஆகியவையே காரணங்கள். இங்கேதான் இளைஞரின் நம்பிக்கை இடறுகிறது. படைக்குப் போன ஜிப்சிக்கும் செம்பூரில் ஒரு மருத்துவர் வாங்கிய ஜிப்சிக்கும் சட்டகம் ஒன்று, என்ஜின் ஒன்று, அச்சு ஒன்று. படை வண்டியில் கூடுதலாக இருப்பவை இழுவைக் கொக்கி, ஜெர்ரிகேன் தாங்கி, இருட்டடிப்பு விளக்கு, சில வண்டிகளில் துப்பாக்கி பொருத்தும் இடம், பிறகு அந்த வண்ணம். இரும்பு எதுவும் தடிக்கவில்லை.

அண்ணாச்சி இதை விளக்கச் சொற்களை நம்பவில்லை. வண்டிக்கு அடியில் இளைஞரைப் படுக்கச் சொல்லி, அச்சிலிருந்து ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினார். ஒட்டவைத்த இடங்கள், வேறு வண்டியிலிருந்து வந்த பட்டை, இரண்டு விதமான போல்ட்டுகள். இளைஞர் எழுந்தபோது சட்டை முதுகெல்லாம் கிரீஸ். "அப்புறம் எப்படி அண்ணாச்சி சியாச்சின் வரைக்கும் ஓடுச்சு?" என்று கேட்டார்.

அதற்கு அவர் சொன்ன விடையைச் சுருக்கினால் இவ்வளவுதான். இராணுவ வண்டி தனியாக ஓடுவதில்லை. முன்னும் பின்னும் வண்டிகள் உண்டு. வரிசையின் கடைசியில் பழுதுபார்ப்போர் வருவார்கள். ஒவ்வொரு படைப்பிரிவோடும் எல்.ஏ.டி. என்ற சிறு பட்டறைக் குழு ஒட்டியே இருக்கும். அதனால் முடியாதது களப் பட்டறைக்குப் போகும். அங்கும் முடியாதது தளப் பட்டறைகளுக்குப் போகும். பட்டை முறிந்தால் அரை மணியில் வேறு பட்டை வரும். என்ஜின் செத்தால் வேறு என்ஜின் இறங்கும். வண்டியே விழுந்தால் ஆட்களும் சரக்கும் அடுத்த வண்டிக்கு மாறுவார்கள். "தாங்குனது வண்டி இல்ல தம்பி. நாங்க தாங்குனோம்" என்றார்.

அமெரிக்கப் படையின் ஹம்வியில் பற்றவைக்கச் சாவியே கிடையாது. ஒரு திருகு விசை மட்டும் உண்டு. ஓட்டுநர் விழுந்துவிட்டால் அடுத்தவன் அவர் சட்டைப் பையில் சாவி தேடக் கூடாது என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம். 1992இல் அதே வண்டி குடிமக்களுக்கு ஹம்மர் என்று விற்பனைக்கு வந்தபோது சாவி தேவைப்பட்டது. இராணுவ வண்டிக்கு உடைமையாளர் இல்லை, குடிமக்கள் வண்டிக்கு உடைமையாளர் உண்டு. இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டில் பாதி இந்தச் சாவியில் அடங்கிவிடுகிறது. மீதிப் பாதி, விபத்து நேர்ந்தால் யார் யாருக்குப் பொறுப்பு என்பது.

அவர் பக்கவாட்டு பெஞ்சுகளைப் போட மறுத்ததற்கு அதுவே காரணம். துணிக்கூரை ஜிப்சியின் பின்னிருக்கைகள், படை வண்டியானாலும் கடையில் வாங்கிய வண்டியானாலும், ஒன்றையொன்று பார்த்தபடி பக்கவாட்டில்தான் இருந்தன. வீட்டுக்கு வாங்கியவர்களில் பலர் அதை முன்நோக்கிய இருக்கையாக மாற்றிக்கொண்டார்கள். படைக்கு அந்த அமைப்பு பொருத்தமானது: வண்டி நின்ற நொடியில் பின்வழியாகக் குதிக்கலாம், இரு பக்கமும் கண் வைக்கலாம். பெல்ட் இல்லாமல் இருப்பதும் அங்கே ஒரு கணக்கின்படிதான். வேட்டு விழும் இடத்தில் வண்டிக்குள் கட்டுண்டு கிடப்பவன், பள்ளத்தில் உருளும் வண்டியிலிருந்து தெறிப்பவனைவிட அதிகம் இழக்கலாம். அந்தக் கணக்கு சரியா தப்பா என்பதைச் சீருடை போட்டவர்கள் முடிவு செய்கிறார்கள். போட்டவர்களே அதன் விலையையும் கொடுக்கிறார்கள். நான்கு வயதுக் குழந்தை அந்தக் கணக்கில் எங்கும் இல்லை.

பணிக்காலத்தில், ஒரு மலைப்பாதை வளைவில், பக்கவாட்டு இருக்கையில் அவருக்கு எதிரே உட்கார்ந்திருந்தவர் துணிக்கூரையைக் கிழித்துக்கொண்டு வெளியே போனார். வண்டி உருளக்கூட இல்லை. பாறையில் இடித்து நின்றது, அவ்வளவுதான். அண்ணாச்சி இதைச் சொல்லும்போது இடமும் சொல்வதில்லை, பெயரும் சொல்வதில்லை. அந்த ஜோங்காவை நான்கு நாளில் சரிசெய்து மறுபடி ஓடவிட்டதை மட்டும் சொல்வார். அதைச் சரிசெய்தவர்களில் அவரும் ஒருவர்.

டயர் விஷயத்தில் இருவருக்கும் பேச்சு முற்றியது. என்.டி.டி. டயரின் பற்கள் முன்னோக்கியும் பின்னோக்கியும் ஒரே அளவுக்குப் பிடிக்கும். வண்டி எந்தத் திசையில் போனது என்பதைத் தடம் காட்டிக்கொடுக்காது என்றும் சொல்வதுண்டு. படங்களில் மிடுக்காக இருக்கும். ஆனால், அகலமான கட்டைப் பற்கள் நனைந்த தாரில் வழுக்கும். மும்பையில் ஜூன் முதல் செப்டம்பர் வரை சாலை நனைந்தே கிடக்கிறது. ஈஸ்டர்ன் ஃப்ரீவேயில் எண்பதில் போகும்போது பிரேக்கை மிதித்தால் என்ன ஆகும் என்று அண்ணாச்சி கேட்டார். "நான் மெதுவாத்தான் ஓட்டுவேன்" என்றார் இளைஞர். "முன்னால போறவன் மெதுவா நிப்பானா?"

வண்ணத்தில் பேச்சுக்கே இடமிருக்கவில்லை. மத்திய மோட்டார் வாகன விதிகளில் 121ஆம் விதி, பாதுகாப்புத் துறையின் வாகனங்களைத் தவிர வேறெதற்கும் ஆலிவ் பச்சை பூசக் கூடாது என்கிறது. பம்பரில் சுரண்டப்பட்ட அந்த எண்ணுக்கும் சட்டத்தில் ஒரு கதை உண்டு. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 60ஆம் பிரிவின்படி, நாட்டின் பாதுகாப்புக்குப் பயன்படும் வண்டிகள் தனி அதிகாரத்தால் பதியப்படும். அந்தப் பயன்பாடு நின்ற கணத்தில் மற்றெல்லா வண்டிகளுக்கும் உரிய 39, 40ஆம் பிரிவுகள் அவற்றின்மீது வந்து கவியும். அதாவது ஏலக்கூடத்தின் வாசலில் வண்டி சட்டப்படி வேறொன்றாகிவிடுகிறது. நேற்றுவரை எந்த ஆர்.டி.ஓ.வுக்கும் கட்டுப்படாதது, இன்று காகிதம் இல்லாமல் தெருவில் நிற்கக்கூட உரிமையற்றது.

காகிதத்தின் அருமை அண்ணாச்சிக்குத் தெரியும். அவருடைய குடும்பம் முதலில் குடியிருந்தது அணு ஆராய்ச்சி மையத்தை ஒட்டிய ஜனதா காலனியில். நெருக்கடி நிலைக் காலத்தில், 1976 மே 17 அன்று, அந்தக் குடியிருப்பு அகற்றப்பட்டது. ஏறத்தாழ 70,000 பேர் சீட்டா கேம்ப்பின் சேற்றுநிலத்துக்கு மாற்றப்பட்டார்கள். அவ்வாண்டுதான் குடிசைக் கணக்கெடுப்பு நடந்து புகைப்பட அட்டைகள் தரப்பட்டன. அட்டை இருந்தவருக்கு ஒரு துண்டு மண்; இல்லாதவருக்கு அதுவும் இல்லை. இரண்டு ஆண்டு கழித்து அவர் பட்டாளத்தில் சேர்ந்தார். இதில் முரண் எதையும் அவர் காண்பதில்லை. அன்று வீட்டுக்கு ஒரு சம்பளம் வேண்டியிருந்தது என்பார்.

இளைஞர் கோபத்தோடுதான் அன்று போனார். குர்லா சி.எஸ்.டி. சாலையில் பழைய உதிரிபாகக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. பணம் கொடுத்தால் கேட்டதைப் பூட்டித் தரும் ஆள் கிடைக்காமலா போவார்? வண்டி மட்டும் அண்ணாச்சியின் கொட்டகையிலேயே நின்றது. அவர் அதைத் தொடவில்லை. மூன்று வாரம் கழித்து, முதல் பெருமழைக்கு மறுநாள், இளைஞர் மனைவியோடு வந்தார். அண்ணாச்சியிடம் பேசியவர் அந்தப் பெண்தான். ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "இப்ப ஆர்மில என்ன வண்டி அண்ணாச்சி ஓடுது?"

அது மிக நல்ல கேள்வி. இராணுவமே ஜிப்சியை விட்டு விலகி வந்துகொண்டிருக்கிறது. 2017இல் 3,192 டாடா சஃபாரி ஸ்டார்ம் வண்டிகளுக்கு ஒப்பந்தமிட்டார்கள். ஜி.எஸ். 800 என்ற அந்த வகைக்குப் படை வைத்த நிபந்தனைகள் மூன்று: 800 கிலோ சுமை, கெட்டியான கூரை, குளிர்சாதனம். 2023இல் மகிந்திரா ஸ்கார்ப்பியோ கிளாசிக் 1,850 வண்டிகளுக்கு ஆணை போயிற்று. செம்பூரில் குடும்பங்கள் சினிமாவுக்குப் போகும் அதே ஸ்கார்ப்பியோதான், பச்சை வண்ணத்தில். ஏ.பி.எஸ்., மோதல் சோதனை, பி.எஸ்.-6 ஆகிய விதிகள் வந்தபோது குடிமக்களுக்கு ஜிப்சி விற்பது நின்றது. விதிவிலக்குப் பெற்று இராணுவத்துக்கு மட்டும் இன்னும் கொஞ்சம் ஜிப்சிகள் போயின. குடிமகனுக்குப் பாதுகாப்பற்றது என்று சட்டம் ஒதுக்கிய வண்டியில் படைவீரன் தொடர்ந்து போனான். படைவீரன் கெட்டிக்கூரைக்கு மாறிக்கொண்டிருக்கும் இந்நாளில், துணிக்கூரையின் மீது குடிமகனுக்கு ஆசை வந்திருக்கிறது. தொழில்நுட்ப வரலாற்றை ஆய்வோர் இந்த இடமாற்றத்தைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்கலாம்.

அந்தப் பெண் கேட்டுக்கொண்டார். பிறகு கணவரிடம், "லடாக்குக்கு இதுல நீங்க போயிட்டு வாங்க. நாங்க பிளேன்ல வர்றோம்" என்றார். அதன்பிறகு பட்டியல் தானாகவே சுருங்கியது. பெஞ்சுகள் இல்லை, முன்நோக்கிய பின்னிருக்கை, சட்டகத்தோடு போல்ட் போட்டு இறுக்கிய பெல்ட்டுகள். அவற்றைப் பதிவுக்கு முன்பே பொருத்தி, ஆய்வில் காட்டி எழுதிவிட வேண்டும் என்பது அண்ணாச்சியின் நிபந்தனை. டயர் சாதாரணச் சாலை டயர். துணிக்கூரைக்குப் பதில் குர்லாவில் கிடைத்த பழைய கெட்டிக்கூரை ஒன்று. இருட்டடிப்பு விளக்கை மட்டும் இளைஞர் விடவில்லை. மின்னிணைப்பு கொடுக்காமல் அழகுக்கு வைத்துக்கொள்ளட்டும் என்று அண்ணாச்சியும் விட்டுவிட்டார். இவ்வளவு செய்தும் இதில் காற்றுப்பை கிடையாது, ஏ.பி.எஸ். கிடையாது என்பதைக் கணவன் மனைவி இருவரிடமும் தனித்தனியாகச் சொன்னார்.

வடாலா ஆர்.டி.ஓ. ஆய்வு செவ்வாய்க்கிழமை என்று தேதி வந்தது. வண்டிக்கு வெள்ளை பூசியாயிற்று. ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், மழை விட்ட நேரத்தில், அண்ணாச்சி உப்புத்தாளை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு கதவுச் சட்டத்தின் உள்விளிம்பையும் பானெட்டின் அடிப்பக்கத்தையும் தேய்த்துக்கொண்டிருந்தார். அங்கெல்லாம் இன்னும் பச்சை இருந்தது. ஒரு அடுக்கு உரிந்தால் அதன் கீழே இன்னொரு பச்சை, கொஞ்சம் வேறு சாயலில்.